வினாவும் விடையும்: பண்டை உரோமானியரின் வாய்மொழி ஒப்பந்தம்

கி.பி. 37-ஆம் ஆண்டு சூன் திங்கள் 28-ஆம் நாள். இத்தாலியின் நேப்பிள்சு வளைகுடாவை ஒட்டிய புத்தேயோலி என்னும் துறைமுக நகரில் நோவியுஸ் எவுனுஸ் என்ற தானிய வணிகன் 10,000 செஸ்டர்ஸ் கடன் பெறுகிறான். பணத்திற்கு உரியவர் பிரிமியானுஸ். பேரரசர் திபேரியுஸின் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர். அவர் அன்று அங்கில்லை. அவருடைய அடிமையாகிய ஹெசிக்குஸ் வாயிலாகவே பணம் கைமாறுகிறது. அலெக்சாந்திரியாவிலிருந்து வந்திறங்கிய கோதுமை ஏறத்தாழ 7,000 மோடியுஸ் அளவும், கடலை, பருப்பு முதலியன நிறைந்த 200 மூட்டைகளும் நகரப் பொதுக்கிடங்கில் ஈடாக நிற்கின்றன. பணம் வந்துவிட்டது, ஈடும் இருக்கிறது. ஆயினும் ஒன்று எஞ்சியிருக்கிறது. அடிமை ஒரு வினாவைக் கேட்கிறான். 'தருவதாக உறுதி கூறுகிறாயா?' வணிகன் விடை கூறுகிறான். 'உறுதி கூறுகிறேன்.'

இச்செய்தி நமக்குக் கிடைத்த வரலாறு சுவையானது. 1959-ஆம் ஆண்டில் நேப்பிள்சு நகரிலிருந்து சலெர்னோ செல்லும் பெருவழியை அமைக்க மண்ணை அகழ்ந்தபோது, பாம்பெய் நகரின் புறத்தே மெழுகு பூசிய மரப்பலகைகள் பல வெளிப்பட்டன. சுல்பிசியர் என்னும் பணத்தொழில் குடும்பத்தாரின் ஆவணங்கள் அவை. கி.பி. 79-இல் வெசுவியுஸ் எரிமலை பொங்கியபோது மண்மூடிப் போனவை. அவற்றுள் எவுனுஸ் தன் கைப்பட எழுதிய பலகைகளும் உள்ளன. பலகையின் உட்புறம் அவனுடைய எழுத்து. வெளிப்புறம் எழுத்தன் ஒருவன் திருத்தமாக எழுதிய படி. எவுனுஸின் இலத்தீனில் எழுத்துப்பிழைகள் மலிந்து கிடக்கின்றன. பள்ளியில் முறையாகப் பயிலாதவன், தன் வாய் ஒலித்தவாறே எழுதியிருக்கிறான். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய துறைமுக வணிகன் ஒருவனின் குரல் அவன் பிழைகளின் வழியாகவே இன்று கேட்கிறது என்பது மொழி பயில்வோர்க்கு மகிழ்ச்சி தருவது.

ஆனால் அந்தப் பலகை ஒப்பந்தமன்று. ஒப்பந்தம் நிகழ்ந்தது என்பதற்கான நினைவுக்குறிப்பே அது. ஒப்பந்தம் என்பது வினாவும் விடையும் காற்றில் ஒலித்த அந்த நொடியே. உரோமானியர் இதனை 'ஸ்திபுலாத்தியோ' என்றனர்.

சொல்லின் இலக்கணம்

இம்முறையைத் தெளிவாக விளக்கியவர் காயுஸ் என்னும் சட்ட ஆசிரியர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாணாக்கர்க்கென அவர் இயற்றிய பாடநூல் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. 1816-இல் நீபூர் என்னும் செருமானிய வரலாற்றறிஞர் வெரோனா நகரின் திருச்சபை நூலகத்தில் புனித ஜெரோமின் கடிதங்கள் எழுதப்பட்ட தோல்ஏடு ஒன்றைக் கண்டார். அதன் அடியில், சுரண்டி அழிக்கப்பட்ட பழைய எழுத்தாகக் காயுஸின் நூல் இருந்தது. நம் ஏடுகளைக் கறையான் தின்றது. அங்கே தோலின் விலை ஏடுகளைத் தின்றிருக்கிறது.

காயுஸ் கூறும் இலக்கணம் எளியது, ஆனால் கடுமையானது. கடன் கொடுப்பவன் அல்லது பொருளுக்கு உரிமை கோர இருப்பவன் வினவவேண்டும். பொறுப்பை ஏற்பவன் விடையிறுக்க வேண்டும். 'ஸ்பொந்தெஸ்?' என்றால் 'ஸ்பொந்தெயோ'. 'தருவாயா?' என்றால் 'தருவேன்'. 'செய்வாயா?' என்றால் 'செய்வேன்'. வினாவில் வந்த வினைச்சொல்லே விடையிலும் திரும்பி வரவேண்டும். தமிழில் உற்றது உரைத்தல், உறுவது கூறல் என விடைக்குப் பல வகை கூறுவர் இலக்கண நூலார். உரோமானியச் சட்டம் அவற்றுள் எதனையும் ஏற்றிராது. நேர்விடை ஒன்றே அதற்குத் தெரிந்த விடை.

பத்துக் கேட்டவனுக்கு ஐந்து தருவதாகக் கூறினால் ஒப்பந்தம் இல்லை. நிபந்தனையின்றிக் கேட்டவனுக்கு நிபந்தனையோடு விடை கூறினாலும் இல்லை. தலையசைத்தால் போதாது. பிற்காலத்துச் சட்ட அறிஞர் உல்பியன், தலையசைப்பினால் யாதொரு கடப்பாடும் பிறவாது என்று உறுதியாக எழுதினார். கேட்டவன் விடை பெறாமல் அகன்றுவிட்டால் வினா வீணாயிற்று. ஆனால் சற்றே வெளியே சென்று மீண்டு வந்து விடை பெற்றால் செல்லும் என்பதும் அவர் கருத்து. இடையே வேறொரு தொழிலைத் தொடங்கிவிடக் கூடாது என்றார் மற்றொருவர். இருவர் ஓரிடத்தில் நின்று, ஒருவர் வாய் திறக்க மற்றவர் செவி கொடுத்து, மூச்சறாமல் நிகழவேண்டிய செயல் இது.

இவ்வளவு கண்டிப்பான இலக்கணம் வேடிக்கையான வினாக்களையும் எழுப்பியது. குதிரையுடலும் மனிதத் தலையும் உடைய புராண விலங்கைத் தருவதாக ஒருவன் வாக்களித்தால் என் செய்வது? இல்லாத பொருளைத் தர இயலாது. ஆதலின் ஒப்பந்தம் செல்லாது. 'நான் இறந்தபின் தருவாயா?' என்று கேட்பது செல்லாது. 'நான் இறக்கும்போது தருவாயா?' என்பது செல்லும். 'நான் இறப்பதற்கு முந்திய நாள் தருவாயா?' என்பதோ செல்லாது. முந்திய நாள் எதுவென்பது இறந்தபின்னர்த்தானே தெரியும்? சட்ட மாணாக்கர் இதைப் படித்து நகைத்திருப்பர். எனினும் வழக்கு என்று வந்தால் ஒருவனுடைய நிலமும் வீடும் இந்த நுட்பத்தில்தான் தொங்கின.

மற்றொன்றும் கருதத்தக்கது. இவ்வொப்பந்தத்தில் விடை கூறியவன் மட்டுமே கட்டுப்படுகிறான். கேட்டவன் எதற்கும் கட்டுப்படுவதில்லை. இருவரும் ஒருவரையொருவர் கட்டுப்படுத்த விரும்பினால் இருமுறை வினவி இருமுறை விடையிறுக்க வேண்டும். ஏன் தருகிறாய், எதற்காகத் தருகிறாய் என்று சட்டம் கேட்பதில்லை. கடனோ, சீதனமோ, வட்டியோ, அண்டை வீட்டுச் சுவர் இடிந்து விழுந்தால் ஈடு செய்வதாகத் தரும் உறுதியோ, எதுவாயினும் இந்த வினாவிடைக்குள் அடங்கும். ஒரே பாத்திரத்தில் பாலும் வார்க்கலாம், நஞ்சும் வார்க்கலாம் என்பது போன்ற நிலை.

சொல் பிறந்த கதை

இதன் தோற்றம் உரோமின் மிகப் பழைய காலத்தைச் சார்ந்தது. கி.மு. 451-450 ஆண்டுகளில் தொகுக்கப்பட்ட பன்னிரு பலகைச் சட்டம், ஸ்பொன்ஸியோ என்னும் வாக்குறுதி பற்றிய வழக்கை எவ்வாறு தொடுப்பது என்று வகுத்திருந்தது. இச்செய்தி வெரோனா ஏட்டில் இல்லை. எகிப்தில் கிடைத்து 1933-இல் வெளியிடப்பெற்ற காயுஸின் மற்றொரு தோல்ஏட்டுத் துண்டுகளே இதனை வெளிப்படுத்தின. இத்தகைய வாக்குறுதியின் பேரால் எதிரி தனக்கு இவ்வளவு தரவேண்டும் என்று வழக்காடுவோன் அறிவிக்க வேண்டும். உடன்படுகிறாயா, மறுக்கிறாயா என்று எதிரியைக் கேட்க வேண்டும். ஆக, வழக்கும்கூட வினாவும் விடையுமாகவே தொடங்கிற்று.

'ஸ்பொந்தெயோ' என்னும் வினைச்சொல் கிரேக்க மொழியில் தேவர்க்கு மது வார்த்தலைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. எனவே கடவுள் முன்னிலையில் மது வார்த்துக் கூறிய ஆணையே காலப்போக்கில் வெறுஞ்சொல்லாகத் தேய்ந்தது என்பர். 'ஸ்திபுலாத்தியோ' என்பதன் வேர் குறித்துப் பண்டையோரிடையே ஒருமித்த கருத்தில்லை. காசு என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது என்றார் வாரோ. உறுதி என்னும் பொருளுடைய பழஞ்சொல்லிலிருந்து பிறந்தது என்றனர் சட்ட நூலார். வைக்கோலை ஒடித்து இருவரும் ஆளுக்கொரு துண்டு வைத்துக்கொண்டனர் என்றும், துண்டுகளைச் சேர்த்துப் பார்த்து வாக்கை உறுதி செய்தனர் என்றும் கி.பி. ஏழாம் நூற்றாண்டில் செவில் நகரின் இசிதோர் எழுதினார். மூன்றனுள் இசிதோரின் கதையே அழகியது, நம்பத்தகாததும் அதுவே. அழகிய சொற்பிறப்புகளுக்குப் பெரும்பாலும் இதுவே கதி.

கௌடியக் கணவாய்

'ஸ்பொன்ஸியோ' என்னும் சொல் உரோம் நாட்டின் மிகப்பெரும் இழுக்கோடும் பிணைந்துள்ளது. கி.மு. 321-இல் சாம்னியரை எதிர்த்துச் சென்ற உரோமானியப் படை கௌடியம் என்னும் இடத்தருகே மலையிடுக்கில் சிக்கிக்கொண்டது. முன்னும் அடைப்பு, பின்னும் அடைப்பு. வரலாற்றாசிரியர் லிவி சொல்லும் கதைப்படி, போஸ்துமியுஸ், வெத்தூரியுஸ் ஆகிய இரு கான்சல்களும் பிற அலுவலர்களும் சாம்னியத் தலைவன் பொந்தியுஸிடம் அமைதிக்கு வாய்மொழி உறுதி தந்தனர். 600 குதிரை வீரர்கள் பிணையாக நிறுத்தப்பட்டனர். வீரர்கள் படைக்கலம் இழந்து, ஈட்டிகளால் அமைத்த நுகத்தடியின்கீழ்க் குனிந்து சென்று உயிர் தப்பினர்.

படை வீடு திரும்பியதும் எழுந்தது சட்டச் சிக்கல். மக்கள் ஆணையும் சமயச் சடங்கும் இன்றி நாட்டின் பெயரால் உடன்படிக்கை செய்ய இயலாது. செய்தது தனியாட்களின் வாக்குறுதியே என்று செனட் அவையில் வாதிட்டவர் வேறு யாருமல்லர், வாக்களித்த போஸ்துமியுஸே. வாய் திறந்தவர் மட்டுமே கட்டுப்பட்டவர். எங்களைக் கட்டிச் சாம்னியரிடம் ஒப்படையுங்கள் என்றார் அவர். அவ்வாறே கைகள் பிணிக்கப்பட்டு ஒப்படைக்கப்பட்டனர். அப்போது போஸ்துமியுஸ் தம்மை ஒப்படைத்த உரோமானியப் புரோகிதரை முழங்காலால் இடித்தார். தாம் இப்போது சாம்னியக் குடிமகன் என்றும், உரோமின் தூதரைத் தாக்கிவிட்டதால் உரோம் நேர்மையான போர் தொடுக்கக் காரணம் கிடைத்துவிட்டதென்றும் கூறினாராம். பொந்தியுஸ் இக்கூத்தை ஏற்கவில்லை. வாக்குச் செல்லாதெனில் உங்கள் படையை மீண்டும் அக்கணவாய்க்குள் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்பதே அவன் வாதத்தின் சாரம். லிவி உரோமானியர் பக்கம் நின்று எழுதியவர். எனினும் படிப்பவர் நெஞ்சில் நிற்பது சாம்னியன் எழுப்பிய வினாவே.

இக்கதையின் பிற்பகுதியை வரலாற்றறிஞர் பலர் ஐயுறுகின்றனர். கி.மு. 137-இல் இஸ்பானியாவின் நுமந்தியா நகரத்தாரிடம் சிக்கிக்கொண்ட மன்கினுஸ் என்னும் கான்சல் இவ்வாறே அமைதி செய்து ஏறத்தாழ 20,000 பேரின் உயிரைக் காத்தார். உரோம் அதை ஏற்க மறுத்து அவரை ஆடை களைந்து, கைகளைக் கட்டி நுமந்தியர் மதிலின்முன் விட்டது. அவர்களும் ஏற்கவில்லை. பொழுது சாயும்வரை நின்று திரும்பிய அவர் உரோமானியக் குடிமகனாகத் தொடர்கிறாரா இல்லையா என்று சட்ட அறிஞர் வழக்காடினர். இந்நிகழ்ச்சியின் சாயலிலேயே கௌடியக் கதை புனையப்பட்டிருக்கலாம் என்பர். மன்கினுஸோ, ஒப்படைக்கப்பட்ட அதே கோலத்தில் தமக்கொரு சிலை நிறுவிக்கொண்டார். வாக்குக்காக நாணவேண்டியவர் தாம் அல்லர் என்று அச்சிலை பேசிற்றுப் போலும்.

காயுஸ் இச்சிக்கலை ஒரே வரியில் கடந்துவிடுகிறார். பேரரசர் அயல்நாட்டு அரசனிடம் அமைதிக்கு ஸ்பொன்ஸியோ கேட்கலாம் என்று சிலர் கூறுவது மிகைநுட்பம் என்பது அவர் கருத்து. அவ்வாக்கு மீறப்பட்டால் வழக்கு மன்றத்திற்கா செல்வார்கள், போருக்கன்றோ செல்வார்கள்!

சந்தையும் மணவறையும்

அன்றாட வாழ்வில் இவ்வினாவிடை எங்கும் ஒலித்தது. கி.மு. 37-இல் வேளாண்மை பற்றி நூல் எழுதிய வாரோ, ஆடு வாங்குவோன் விற்போனிடம் கேட்கவேண்டிய வினாவை முழுமையாகத் தருகிறார். மந்தை நோயற்றதுதானா, நோய் கண்ட மந்தையிலிருந்து வந்ததன்றே, வாங்கியவன் இடையூறின்றி வைத்துக்கொள்ளலாமா என்றெல்லாம் உறுதி பெறவேண்டும். ஒற்றைக்கண் ஆடு, செவிட்டு ஆடு, வயிற்றில் மயிரற்ற ஆடு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. செவிட்டு ஆட்டை எவ்வாறு கண்டறிந்தனர் என்பதை வாரோ சொல்லவில்லை.

அவருக்கு முன்பே, கி.மு. 184-இல் மறைந்த நகைச்சுவை நாடகாசிரியர் பிளாட்டஸ் இவ்வழக்கத்தை மேடையேற்றிவிட்டார். 'பக்கிதெஸ்' நாடகத்தில் கிரிசலுஸ் என்னும் தந்திரக்கார அடிமை, தன் தலைவராகிய கிழவரை அச்சுறுத்தி, ஒரு படைவீரனுக்கு 200 பொற்காசு தருவதாக உறுதி கூறச் செய்கிறான். நீ கேள் என்று வீரனைத் தூண்டுகிறான். நீர் சொல்லும் என்று கிழவரைத் தூண்டுகிறான். சட்டப்படி தன் சொல்லால் தன்னையே கட்டிக்கொள்ள இயலாத அடிமை, இரு சுதந்திர மனிதரின் வாயைத் தன் விருப்பப்படி ஆட்டுவிக்கிறான். அவையினர் நகைத்ததற்கு இதுவே காரணமாதல் வேண்டும். கதை நிகழ்வது கிரேக்க நாட்டில். சிக்கவைக்கும் சட்டமோ உரோமானியருடையது.

மணவுறுதியும் இச்சொல்லாலேயே நிகழ்ந்தது. மணமகனுக்கு 'ஸ்பொன்ஸுஸ்' என்றும் மணமகளுக்கு 'ஸ்பொன்ஸா' என்றும் பெயர் வந்தது இதனாலேயே. சிசரோவின் நண்பரான சுல்பிசியுஸ் ரூஃபுஸ் என்னும் சட்ட அறிஞர் தரும் செய்தி ஒன்றுண்டு. இலத்தியம் நாட்டில் உறுதி தந்தபின் பெண்ணைக் கொடுக்க மறுத்தால் வழக்குத் தொடுக்கலாம். நடுவர் காரணம் கேட்டு, காரணம் தகாததாயின் பணத்தண்டம் விதிப்பார். கி.மு. 90-இல் இலத்தியத்தார் உரோமானியக் குடியுரிமை பெறும்வரை இவ்வழக்கம் நீடித்தது. பிற்கால உரோமானியச் சட்டமோ மணவுறுதியை மீறினால் தண்டம் என்று வாக்குப் பெறுவதையே ஒழுக்கத்திற்கு மாறானதெனத் தள்ளிற்று. சொல்லுக்கு அத்துணை மதிப்பளித்த சமுதாயம் இந்த ஓரிடத்தில் மட்டும் மனம் மாறுதற்கு இடம் விட்டிருக்கிறது. நன்று செய்தது.

சொல் வென்று, மெய் தோற்ற இடம்

இம்முறையின் வலிமையே இதன் குறையும் ஆயிற்று. சொற்கள் முறைப்படி ஒலித்துவிட்டால் பின்னணியில் வஞ்சகம் இருந்ததா என்று பழைய சட்டம் கேட்கவில்லை. ஏமாற்றி வாங்கிய 'உறுதி கூறுகிறேன்' என்பதும் உறுதியே.

சிசரோ கி.மு. 44-இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இத்தகைய வஞ்சகத்திற்கு ஒரு கதை உண்டு. கானியுஸ் என்னும் உரோமானியச் செல்வர் சிராகூஸ் நகரில் ஓய்வாக இருக்கத் தோட்டம் ஒன்று தேடினார். பித்தியுஸ் என்னும் பணவணிகன் தன் கடற்கரைத் தோட்டத்திற்கு அவரை விருந்துக்கு அழைத்தான். முன்னரே மீனவர்களைக் கூட்டி, மறுநாள் தன் தோட்டத்தின் முன்னால் மீன்பிடிக்குமாறு ஏவிவிட்டான். விருந்து நாளில் கடல் முழுதும் படகுகள். பித்தியுஸின் காலடியில் மீன்கள். நகரின் மீன் வளமெல்லாம் இவ்விடத்தில்தான் என்றான் அவன். ஆசை மேலிட்ட கானியுஸ் கேட்ட விலைக்கு அத்தோட்டத்தைத் தளவாடங்களோடு வாங்கிவிட்டார். அடுத்த நாள் நண்பர்களை அழைத்து வந்து பார்த்தால் ஒரு துடுப்புக்கூட இல்லை. மீனவர்க்கு இன்று விடுமுறையோ என்று அண்டை வீட்டாரைக் கேட்டார். நானறிய இல்லை; இங்கே எவரும் மீன்பிடிப்பதில்லை, நேற்றுத்தான் என்ன நேர்ந்ததென்று வியந்தேன் என்றார் அவர்.

இக்கதையில் ஒப்பந்தம் நிகழ்ந்தது கணக்கேட்டுப் பதிவு என்னும் வேறொரு முறையால், வாய்மொழியால் அன்று. ஆயினும் இரண்டிற்கும் குறை ஒன்றே. கானியுஸுக்கு வழக்காட வழியில்லை. ஏனெனில் சிசரோவின் நண்பரும் சட்ட அறிஞருமான அக்விலியுஸ் கல்லுஸ் வஞ்சகத்திற்கு எதிரான வழக்குமுறையை அப்போது வகுத்திருக்கவில்லை. கி.மு. முதல் நூற்றாண்டில்தான் இக்கதவு திறந்தது. வழக்குக்குரிய வாசகத்தில், வாதி வஞ்சகமாக எதுவும் செய்திராவிடில் என்னும் பொருளுடைய ஒரு தொடரைச் சேர்க்குமாறு பிரீத்தர் என்னும் நீதி அலுவலரைப் பிரதிவாதி வேண்டலாம் என்றாயிற்று. பழைய வினாவையும் விடையையும் எவரும் திருத்தவில்லை. பழங்கோயிலை இடிக்காமல் பக்கத்தில் ஒரு மண்டபம் கட்டுவது போன்றது உரோமானியர் சட்டம் திருத்தும் முறை.

எவர் வாய்?

சொல்லுக்கு மதிப்பளித்தது சட்டம் என்றால், எவர் சொல்லுக்கு என்று கேட்காமல் விடுவது வரலாறாகாது.

ஊமையர் உறுதி கூற இயலாது, பெறவும் இயலாது. செவிடரும் அவ்வாறே. பெண் தனக்கு வாக்குப் பெறலாம். ஆனால் தான் வாக்களிக்க வேண்டுமாயின் காப்பாளரின் ஒப்புதல் வேண்டும். 'ஸ்பொந்தெயோ' என்னும் சொல் உரோமானியக் குடிமகனுக்கே உரியது. அயலார் வாயில் அது வெற்றொலி. அயலார்க்கு 'தருவேன்', 'நம்பிக்கையின்பேரில் உறுதி கூறுகிறேன்' முதலிய பிற சொற்கள் விடப்பட்டன. கிரேக்க மொழியில் கூறினாலும் இருவர்க்கும் புரிந்தால் செல்லும். பியூனிக், அசீரிய மொழிகளில் கூறினால் செல்லுமா என்பது ஐயத்திற்குரியதாயிருந்தது. செல்லும் என்ற பக்கமே உல்பியன் சாய்கிறார்.

அடிமையின் நிலை இன்னும் விந்தையானது. அவன் கேட்கலாம், அவ்வினாவின் பயன் தலைவனுக்குச் சேரும். ஆனால் அவன் விடை கூறினால் சட்டப்படி அவனைக் கட்டுப்படுத்தாது. புத்தேயோலியில் ஹெசிக்குஸ் கேட்டதும் குடிமகன் எவுனுஸ் பணிந்து விடை கூறியதும் இவ்விதிப்படியே. கி.பி. 39 செப்டம்பர் 15-ஆம் நாள் மற்றொரு பலகையில் எவுனுஸ், தான் 1,250 செஸ்டர்ஸ் தரவேண்டியிருப்பதாக யூப்பிட்டர் மீதும் தெய்வமான அகஸ்துஸ் மீதும் ஆணையிடுகிறான். நாள் தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 20 செஸ்டர்ஸ் தண்டம் தருவதாகவும் உறுதி கூறுகிறான். அப்போது ஹெசிக்குஸ் பேரரசர் காலிகுலாவின் அடிமையாகிவிட்டான். எவுனுஸின் கையெழுத்து மட்டும் மாறவில்லை, அதே பிழைகள்.

டேசியா நாட்டின் பொற்சுரங்க ஊராகிய அல்பூர்னுஸ் மயோர், இன்று ருமேனியாவில் உள்ளது. அதன் சுரங்க வழிகளில் கிடைத்த மெழுகுப்பலகை ஒன்று கி.பி. 139 மார்ச் 17-ஆம் நாளுக்குரியது. பத்தோவின் மகன் மக்சிமுஸ் என்பவன், தாசியுஸ் என்பவனிடமிருந்து 205 தெனாரி விலைக்குப் பஸ்ஸியா என்னும் பெயருடைய, அல்லது வேறு எப்பெயரால் அழைக்கப்படினும் அப்பெயருடைய, ஏறத்தாழ ஆறு வயதுச் சிறுமியை வாங்குகிறான். நோயற்றவள், திருட்டுக்குற்றம் அற்றவள், ஓடிப்போகும் இயல்பு அற்றவள் என்று விற்பவன் பொறுப்பேற்கிறான். பிறகு வேறெவரேனும் அவளுக்கு உரிமை கோரி அவளைக் கொண்டுசென்றால் ஈடு தருவதாக வாக்கு. வாங்குபவன் நம்பிக்கையின்பேரில் கேட்டான். விற்பவன் நம்பிக்கையின்பேரில் உறுதி கூறினான் என்று பலகை முடிகிறது. இருவரும் அயலார்; ஆதலின் காயுஸ் கூறியவாறே 'ஸ்பொந்தெயோ' தவிர்க்கப்பட்டிருக்கிறது. பாடநூலும் சுரங்கமும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதை அறிஞர் போற்றுவர். வினா கேட்ட வாய் ஒன்று. விடை சொன்ன வாய் ஒன்று. பெயரே உறுதியில்லாத மூன்றாமவள் அருகில் நின்றிருப்பாள்.

எழுத்து வந்த பின்

வாய்மொழி ஒப்பந்தத்திற்குத் தொலைவு பகை. அலெக்சாந்திரியாவில் இருப்பவனும் கடலுக்கு அப்பால் இருப்பவனும் ஒரே மூச்சில் வினாவி விடையிறுக்க இயலாது. கடல்வணிகம் எழுத்தையே நாடிற்று. சேரநாட்டு முசிறியோடு நிகழ்ந்த வணிகத்திற்கான கடன் ஏற்பாடுகளைக் குறிப்பிடும் கிரேக்கப் பாப்பிரசு ஏடு ஒன்று எகிப்திலிருந்து வியன்னா நூலகத்தை அடைந்து 1985-இல் வெளியிடப்பெற்றது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினது. அதன் மறுபுறத்தில் 'ஹெர்மபோலோன்' என்னும் கப்பலில் வந்த கங்கைக்கரை நறுமணப்பொருளும் யானைத்தந்தமும் மதிப்போடு குறிக்கப்பட்டுள்ளன. முசிறியின் மிளகும் மரக்கலமும் நமக்குச் சங்கப் பாட்டில் தெரிந்தவை. அவற்றின் பின்னே நின்ற கடன்பத்திரத்தை இவ்வேடு காட்டுகிறது. அங்கே வினாவுக்கும் விடைக்கும் இடமில்லை. எந்நாளில் எந்த இடத்தில் சரக்கைச் சேர்ப்பது, பொறுப்பு யாருடையது, கடன் தீராவிடில் ஈட்டை எவ்வாறு கைக்கொள்வது என்பனவே நிரம்பியுள்ளன.

கி.பி. 212-இல் பேரரசர் கரகல்லா பேரரசின் சுதந்திர மக்கள் ஏறத்தாழ அனைவர்க்கும் குடியுரிமை வழங்கினார். அதன்பின் எகிப்தின் கிரேக்கப் பத்திரங்களின் இறுதியில் புதிய தொடர் ஒன்று தோன்றுகிறது. கேட்கப்பட்டேன், ஒப்புக்கொண்டேன் என்பது அதன் பொருள். உண்மையில் எவரும் எவரையும் கேட்கவில்லை. உரோமானியச் சட்டப்படி பத்திரம் செல்லவேண்டுமாயின் இத்தொடர் இருத்தல் நலம் என்று எழுத்தர்கள் எல்லாவற்றிலும் எழுதிவைத்தனர். கேட்பதற்கும் ஒப்புவதற்கும் எதுவுமில்லாத உயில்களிலும் எழுதினர். சொல்லின் ஆட்சி முடிந்து சொல்லின் நிழல் ஆளத் தொடங்கிற்று எனலாம்.

கி.பி. 472-இல் பேரரசர் லியோ, இன்ன சொற்களால்தான் கேட்கவேண்டும் என்னும் விதியை நீக்கினார். எச்சொல்லாயினும் கருத்து ஒத்தால் போதும் என்றாயிற்று. எஞ்சியது நேரில் இருத்தல் ஒன்றே. அதுவும் வழக்குகளுக்கு இடமாயிற்று. பத்திரத்தில் கையொப்பமிட்டுவிட்டு, பிறகு நாங்கள் நேரில் சந்திக்கவே இல்லை. ஆகவே வாக்குறுதியும் இல்லை என்று வாதிட்டுக் கடனிலிருந்து நழுவ முயன்றோர் பலர். ஜஸ்டினியன் கி.பி. 531-இல் இதற்கு முடிவு கட்டினார். இருவரும் நேரில் இருந்தனர் என்று பத்திரம் கூறினால் அது நம்பப்படும். அதை மறுப்பவன், பத்திரம் எழுதப்பட்ட அந்நாள் முழுதும் தானோ மற்றவனோ வேறு ஊரில் இருந்ததை ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். குறைகூற இயலாத சான்றாளரைக் கொண்டு மெய்ப்பிக்கலாம். ஆனால் எழுத்துச் சான்றே சிறந்தது என்கிறது சட்டம்.